பங்குப் பள்ளியின் செப்டிக் டேங்க்: ஆள் இறங்காமல் முடியுமா? திருச்சபை போதனை என்ன சொல்கிறது?

கேட்பவர்: கடலோரப் பங்கு

இயேசுவுக்கே புகழ். எங்கள் பங்குப் பேரவையில் ஒரு விவகாரம் இழுபறியாக நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுநிலைப் பள்ளிக்கும் திருமண மண்டபத்துக்கும் சேர்த்து ஒரே செப்டிக் டேங்க். உள்ளளவு 14 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி ஆழம். அதில் தண்ணீர் நிற்பது ஐந்தரை அடி. இருப்பது ஒரே ஒரு மூடி. அதையும் சிமென்ட் பூசி அடைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கடைசியாகக் கசடு எடுத்து எட்டு வருடம். இப்போது மாணவிகள் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஆகஸ்டு 6 கொடியேற்றம், 15 அன்று விண்ணேற்பு அன்னை திருவிழா. அந்தப் பத்து நாளும் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்ததாரர் சொல்வது: "மேலே இருக்கிற தண்ணியை லாரி இழுத்துரும். அடியில இறுகினதுக்கு ரெண்டு பேர் இறங்கித்தான் ஆகணும். அவங்களுக்குப் பழக்கம்தான்." இளையோர் இயக்கத்தினர் கூடவே கூடாது என்கிறார்கள். பேரவையில் மூத்தவர்கள் சிலர், "ஒத்துக்கொண்டுதானே வருகிறார்கள், கூலியும் கூடுதலாகக் கொடுக்கிறோம், பொறுப்பு காண்டிராக்டருடையது" என்கிறார்கள். ஃபாதர் அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறார். மூன்று விஷயம் வேண்டும். திருச்சபை இதில் என்ன சொல்கிறது? (பொதுவாக "எல்லாரும் கடவுளின் சாயல்" என்று வேண்டாம், எண்ணோடு வேண்டும்.) ஆள் இறங்காமல் வேலையை முடிக்க முடியுமா? ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

பதில்: திருச்சட்டம்

மரியே வாழ்க. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதைப் பொறியியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பேரவையில் முதலில் வாசிக்க வேண்டியது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எண் 2269. ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதி அது. தக்க பெரிய காரணம் இல்லாமல் ஒருவரைச் சாகும் ஆபத்துக்கு உள்ளாக்குவதை அறநெறி தடை செய்கிறது என்று அங்கே நேராகவே இருக்கிறது. ஆபத்தில் இருப்பவருக்கு உதவ மறுப்பதும் அதே எண்ணில்தான் வருகிறது. நச்சுக் காற்று நிற்கும் மூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவது சாகும் ஆபத்தா இல்லையா என்பதில் வாதமே இல்லை. "தக்க பெரிய காரணம்" இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. கசடு உறிஞ்சும் லாரியும் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டும் கிடைக்கும் ஊரில், திருவிழா நெருங்குகிறது என்பது அந்தக் காரணம் ஆகாது.

அடுத்தது "ஒத்துக்கொண்டுதானே வருகிறார்கள்" என்ற பேச்சு. எண் 2434 கூலியைப் பற்றியது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்கிறது. 1891-இல் 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் வைத்த வாதம்தான் இது. வேறு வழியில்லாமல் ஒருவர் கடினமான நிபந்தனைக்குத் தலையாட்டினால், அதற்குப் பெயர் சம்மதம் இல்லை, வன்முறைக்கு ஆளாவது. கூலிக்கே இந்த அளவுகோல் என்றால் உயிருக்கு என்ன என்று பேரவையே யோசித்துக்கொள்ளட்டும்.

"பொறுப்பு காண்டிராக்டருடையது" என்பதற்குத் திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திறங்கள். சட்டம் 1286: திருச்சபைச் சொத்தை நிர்வகிப்பவர்கள் ஆள்களை வேலைக்கு அமர்த்தும்போது, தொழில், சமூக வாழ்வு பற்றிய நாட்டுச் சட்டங்களையும் திருச்சபையின் கோட்பாடுகளையும் நுணுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும். சட்டம் 1284 §2 இன்னும் ஒரு படி மேலே போகிறது: நாட்டுச் சட்டத்தை மீறியதால் திருச்சபைக்குச் சேதம் வராதபடி தனிக் கவனம் எடுக்க வேண்டும். அதாவது மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் அது போலீஸ் விவகாரத்தோடு முடிவதில்லை. பங்குத்தந்தையும் நிதிக்குழுவும் திருச்சபைச் சட்டத்தையும் சேர்த்தே மீறுகிறார்கள். பேரவைகளில் இதை யாரும் சுட்டிக்காட்டுவதே இல்லை.

விவிலியம் வேண்டும் என்றால், சாயல் பற்றிய வசனத்தைவிட இதற்குப் பொருத்தமாக இரண்டு இருக்கின்றன. விடுதலைப் பயணம் 21:33-34: ஒருவன் குழியைத் திறந்து வைத்து, அதில் மாடோ கழுதையோ விழுந்தால், குழியின் சொந்தக்காரன் ஈடு கொடுக்க வேண்டும். இணைச்சட்டம் 22:8: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, இல்லாவிட்டால் விழுபவனின் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். இரண்டிலும் குற்றம் விழுந்தவன்மேல் இல்லை, வெட்டியவன்மேலும் கட்டியவன்மேலும்தான். ஒற்றை மூடி வைத்துக் கட்டி, அதையும் டைல்ஸ் போட்டு மூடிய டேங்க் யாருடையது?

கடைசியாகச் சாதி. இறங்கப் போகும் இருவர் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்பது பேரவையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி முற்சாய்வின் சாயல் இருந்தால்கூட அது மெய்யான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிர்ச்சான்று என்று இரண்டாம் ஜான் பால் அவர்களிடமே சொன்னார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையும் வெளியிட்டது. "அவங்களுக்குப் பழக்கம்தான்" என்ற ஒரு சொல் இந்த இரண்டுக்கும் நேர் எதிராக நிற்கிறது. நச்சுவாயு பழக்கப்பட்ட நுரையீரல் என்று எதுவும் கிடையாது.

பதில்: சிவில் ஜோ

முடியும். உங்கள் ஒப்பந்ததாரர் சொல்லும் "இறங்கித்தான் ஆகணும்" என்ற நிலை பெரும்பாலும் வேலை செய்கிற முறையால் வருவது. அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

லாரி வந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை ஒட்ட உறிஞ்சிவிடுவார்கள். அது எளிது, டிரிப் சீக்கிரம் நிறையும். தண்ணீர் போனதும் அடிக்கசடு களிமண் மாதிரி உட்கார்ந்துவிடும், ஓஸுக்குள் ஏறாது. அப்புறம்தான் "ஆள் இறங்கணும்" என்பார்கள். செய்ய வேண்டியது தலைகீழ். முதல் டிரிப்பில் பாதிக்கு மேல் எடுக்கவே கூடாது. இரண்டு அடித் தண்ணீராவது உள்ளே நிற்கட்டும். மேலிருந்தே பிரஷர் ஜெட்டால் அடிக்கசடை அடித்து உடையுங்கள். இல்லாவிட்டால் லாரி பம்பைத் திருப்பி ஓடவிட்டு, உறிஞ்சியதையே திரும்ப உள்ளே பீய்ச்சிக் கலக்கச் சொல்லுங்கள். கூழ் பதத்துக்கு வந்ததும் உறிஞ்சலாம். இறுக்கம் அதிகமாக இருந்தால் முதல் நாளே ஜெட் அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். ஓரங்களில் ஒட்டியதை 12 அடி ஜி.ஐ. பைப்பின் நுனியில் தகடு பற்றவைத்த வழிப்பானால் வெளியே நின்றே இழுத்து ஓஸ் பக்கம் தள்ளலாம்.

உங்கள் கணக்கு: 14 × 6 × 5.5 = 462 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் ஏறக்குறைய 13,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரி என்றால் மூன்று டிரிப், ஜெட் தண்ணீரும் சேர்வதால் நான்காகலாம். "ஒரே டிரிப்ல முடிச்சிரலாம்" என்று யாராவது சொன்னால் அவர் கசடை எடுக்கப் போவதில்லை என்று பொருள். லாரி டேங்கிலிருந்து 30 மீட்டருக்குள் நிற்க இடம் பாருங்கள், ஓஸ் நீள நீள இழுவை குறையும்.

திறப்பதுதான் ஆபத்தான கட்டம். எட்டு வருடம் அடைத்து வைத்த டேங்க். உள்ளே மீத்தேன் இருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். ஆகவே டைல்ஸை மின்சார பிரேக்கர் வைத்து உடைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி நனைத்து, உளியால் மெதுவாக எடுக்க வேண்டும். பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது. காற்றுக்குழாய் இருக்கிறதா, மேலே அடைத்திருக்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். கட்டடத்துக்கு 15 மீட்டருக்குள் டேங்க் இருந்தால் காற்றுக்குழாய் கட்டட உச்சியைவிட 2 மீட்டர் உயர வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 2470. பாதிப் பள்ளிகளில் அது ஜன்னல் உயரத்தோடு நின்றுவிடுகிறது.

இன்னொன்று ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. அதில் ஒரு வஞ்சகம் உண்டு. 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. "வாடை போயிருச்சு, இறங்கலாம்" என்று சொல்கிற அந்த நேரம்தான் மோசமான நேரம். 500-ஐத் தாண்டினால் சில நிமிடத்தில் ஆள் சாய்ந்துவிடுவார், ஆயிரத்தை எட்டினால் ஓரிரு மூச்சு போதும். காற்றைவிடக் கனமானதால் அடியிலேயே தங்கும், கசடைக் கலக்கும்போது குமிழாக வெளியேறும். மேலே வைத்து அளந்த கருவி நல்ல எண் காட்டினாலும் கலக்கியதும் அது மாறிவிடும்.

கிணற்றுப் பழக்கத்தில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். செப்டிக் டேங்கில் அது வேண்டவே வேண்டாம். விளக்கு ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும், ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும். துணி மாஸ்க், என்-95 இரண்டும் வாயுவைத் தடுக்காது. கசடு இளகட்டும் என்று ஆசிட் ஊற்றுவதும் கூடாது. கசடில் இருக்கும் சல்பைடோடு ஆசிட் சேர்ந்தால் அந்த நச்சுவாயுவை நீங்களே தயாரித்ததாகிவிடும்.

வேலையை வெள்ளி மாலை பள்ளி விட்ட பிறகு தொடங்குங்கள். திறந்த மூடியைச் சுற்றி மூன்று மீட்டருக்கு வேலி, இரவுக்கு ஒரு காவல். பள்ளி வளாகத்தில் திறந்த டேங்க் என்றால் பிள்ளைகள் விழும் ஆபத்து, ஆள் இறங்கும் ஆபத்துக்குக் குறைந்ததில்லை. வேலை செய்பவர்கள் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். மூடி ஓரத்தில் மண்டியிட்டுக் குனிந்து பார்க்கக் கூடாது, மயங்கித் தலைகுப்புற விழுவது அப்படித்தான்.

யாராவது விழுந்துவிட்டால் ஒரே விதி: இன்னொருவர் இறங்கக் கூடாது. செப்டிக் டேங்க் சாவுகள் இரண்டு, மூன்று என்று வருவதற்குக் காரணம் காப்பாற்ற இறங்கியவர்கள். 112 அல்லது 101 அழைத்துத் தீயணைப்பு வரவழையுங்கள், 108-ஐயும் அழையுங்கள். ஊதுகாற்று பிளோயர் இருந்தால் வெளியிலிருந்து நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள், கயிற்றைப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். அதோடு நில்லுங்கள். மறைக்கல்வி 2269 உதவச் சொல்கிறதே என்று யாரும் குதிக்க வேண்டாம். வெறும் முகத்தோடு இறங்குவதால் சாவு ஒன்று கூடுமே தவிர உதவி நடக்காது.

இத்தனையும் செய்து கசடு வரவில்லை என்றால்? டேங்கைக் கைவிடுங்கள். திரவத்தை எடுத்துவிட்டு, மணல் கொட்டி மூடி, பக்கத்தில் புதிது கட்டுங்கள். செலவுதான். ஆனால் அது கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூடிய செலவு.

பதில்: மண்டபம் மேனேஜர்

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, ஜெட் வைத்த லாரி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, சின்ன ஊரில் ஒரே ஆள்தான் லாரி வைத்திருப்பார். இரண்டு, அந்த இருவருக்கும் அன்றைய கூலி போச்சே? நாம் புண்ணியம் தேட அவர்கள் அடுப்பு அணைய வேண்டுமா? அவர்களைக் கேட்டால் "வேலையைக் கெடுக்காதீங்க சாமி" என்றுதான் சொல்வார்கள்.

பதில்: வழக்குரைஞர் நெய்தல்

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. அதைத் தவிர்த்துவிட்டு மனித மாண்பு பேசினால் அது பாதிப் பேச்சுதான். ஆனால் முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன்.

மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 7: எந்த ஆளும், உள்ளாட்சியும், நிறுவனமும் யாரையும் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" செப்டிக் டேங்க், சாக்கடையின் ஆபத்தான துப்புரவில் ஈடுபடுத்தக் கூடாது. அந்த "மறைமுகமாக" என்ற சொல்லில் "பொறுப்பு காண்டிராக்டருடையது" என்பது அடிபட்டுப் போகிறது. பிரிவு 9: முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை 5 ஆண்டு, 5 லட்சம். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று உயர்த்தியது. 2014 தீர்ப்பில் அது 10 லட்சமாக இருந்தது.

கிறிஸ்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பட்டியல் சாதியினரை இந்த வேலைக்கு அமர்த்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015 திருத்தத்தின்படி தனிக் குற்றம். ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் நம் பங்கைச் சேர்ந்தவரே இறங்கினால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லாமல் போகலாம். பட்டியல் உரிமை கேட்டு ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 கறுப்பு நாளில் கொடி பிடிக்கும் பங்குகள், அதே மக்களை அந்தச் சட்டத்தின் ஓட்டைக்குள் இறக்கினால் எப்படி? 2013 சட்டம் சாதியும் மதமும் பார்ப்பதில்லை. யாரை இறக்கினாலும் குற்றம் குற்றம்தான்.

இப்போது கூலி. "வேலையைக் கெடுக்காதீங்க" என்று அவர்கள் சொல்வது டேங்குக்குள் இறங்கும் ஆசையால் இல்லை, அன்றைய பணத்துக்காக. பணத்தைக் கொடுங்கள், இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓஸ் பிடிக்க, ஜெட் அடிக்க, வழிப்பான் இழுக்க, வேலி காவல் நிற்க என்று அன்றைக்கு மூன்று நான்கு ஆள் வேலை எப்படியும் இருக்கிறது. அதே இருவரை, இறங்குவதற்குத் தருவதாகச் சொன்ன அதே தொகைக்கு வையுங்கள். முழங்கை வரை ரப்பர் கையுறை, கம்பூட், கண்ணாடி பங்குச் செலவு. டெட்டனஸ், ஹெபடைட்டிஸ்-பி ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டு, இல்லை என்றால் போட ஏற்பாடு செய்யுங்கள். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்துப் பதிகிறார்கள். பாதுகாப்புச் சாதனம், மருத்துவக் காப்பீடு, இயந்திரம் வாங்கக் கடன் மானியம் அதில் உண்டு. பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கூடப் போய் அந்தப் பதிவை முடித்துக் கொடுத்தால், நல்ல நாளுக்கு ஒரு வேட்டி கொடுப்பதைவிட உருப்படியான வேலை.

குவார்ட்டர் பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும் முன் வாங்கிக் கொடுப்பது பல இடங்களில் ஒப்பந்தத்தில் எழுதாத ஒரு வரி. பங்குப் பணத்தில் அது ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீர், சோப்பு, பேரவைக்காரர்கள் குடிக்கும் அதே டம்ளரில் டீ. பெயர் கேட்டு "வாங்க, போங்க" என்று பேசுவது. வயது ஐம்பதைத் தாண்டியவரைப் பேரவையின் இளவட்டம் "டேய்" என்று கூப்பிடுவதை வைத்துக்கொண்டு மனித மாண்பு என்று மறையுரை வைக்க முடியாது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

"எந்த நிலையிலும் எந்த ஆளும் தொட்டிக்குள் இறங்கவோ, தலையையோ உடலையோ உள்ளே நுழைக்கவோ கூடாது. கசடை இயந்திரத்தால் எடுக்க இயலாத நிலை வந்தால் வேலை அங்கேயே நிற்கும். அதுவரை ஓடிய டிரிப்புகளுக்கு முழுத்தொகை உண்டு, பிடித்தம் இல்லை."

பின்பாதிதான் முக்கியம். "முழுசா கிளீன் பண்ணித் தர இவ்வளவு" என்று மொத்தத் தொகை பேசினால், கடைசி அரை அடிக்கசடுக்காக ஒப்பந்ததாரர் ஆளை இறக்கத்தான் பார்ப்பார். டிரிப் கணக்கில் பேசினால் அந்த அவசரமே இருக்காது. ஆளைக் கொல்வது பல நேரம் கெட்ட மனசு இல்லை, விலை பேசிய விதம்.

மற்றபடி: லாரியின் உள்ளாட்சி உரிம எண், வண்டி எண், கழிவைக் கொட்டும் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர், ஒவ்வொரு டிரிப்புக்கும் அங்கே வாங்கிய சீட்டு. சீட்டு இல்லாமல் பணம் கிடையாது. கருங்குழியில் 2017-இல் தொடங்கிய மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பிறகு மாநிலத்தில் பல நகரங்களில் வந்துவிட்டன. ஆற்று ஓடையில் கொட்டிவிட்டு வருபவருக்குப் பங்குப் பணம் போகக் கூடாது. லாரி கிடைக்கவில்லை என்ற முதல் சந்தேகத்துக்கு: உள்ளாட்சியிலேயே கேளுங்கள், 14420 உதவி எண்ணும் இருக்கிறது. ஜெட் லாரி தனியாகக் கிடைக்காவிட்டால் கார் கழுவும் கடை பிரஷர் பம்பு போதாது. தண்ணீர் லாரி, தீயணைப்பு வகை பம்பு, நீளக் குழாய் முனை என்று சேர்த்து வாடகைக்குப் பிடியுங்கள்.

கேட்பவர்: கடலோரப் பங்கு

மிக்க நன்றி. அண்ணன் நெய்தல் சொன்ன டிரிப் கணக்கு எங்கள் மூத்தவர்களுக்கே சரியாகப் பட்டிருக்கிறது. இன்னும் மூன்று: அடுத்த முறை இதே சண்டை வராமல் இருக்க டேங்கில் இப்போதே என்ன மாற்றலாம்? கொடியேற்றத்துக்கு எத்தனை நாள் முன்பு எடுப்பது நல்லது? மாணவிகள் கழிப்பறைப் பக்கம்தான் ஏன் முதலில் அடைக்கிறது?

பதில்: சிவில் ஜோ

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நாப்கின். அது கரையாது, கசடோடு பின்னி நார்க்கட்டி மாதிரி ஆகிவிடும், ஓஸ் வாயையும் அடைக்கும். ஆள் இறங்க வேண்டியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதற்குப் பெரிய இடம் உண்டு. அரசு நாப்கின் கொடுக்கிறது, போட இடம் கொடுப்பது பள்ளியின் வேலை. ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட கூடை, தினமும் எடுக்க ஏற்பாடு. கூடை வாசலில் இருந்தால் எந்தப் பிள்ளையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வராது.

இரண்டாவது காரணம் ஆசிட்டும் பினாயிலும். தினமும் ஊற்றினால் கசடைத் தின்னும் நுண்ணுயிர் செத்துவிடும், செரிக்காத கசடு சீக்கிரம் இறுகும். வாரத்துக்கு ஒரு முறை அளவாகப் போதும், மற்ற நாள் பிரஷும் சோப்புத்தண்ணீரும். மண்டபச் சமையல் கழிவு இதே டேங்குக்கு வருகிறதா பாருங்கள். எண்ணெய்ப் பாடு மேலே கெட்டியாகப் படியும், அதற்குத் தனி எண்ணெய்த் தடுப்புத் தொட்டி வேண்டும்.

மாற்ற வேண்டியது மூடி. மூடியை உடைக்கும் இந்தச் சமயத்திலேயே ஸ்லாப்பில் உள்வாய்ப் பக்கம் ஒன்று, வெளிவாய்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று 8 அங்குலத் துளை மூன்று போட்டு, பிவிசி குழாய் வைத்துத் தரை மட்டத்தில் திருகு மூடி போடுங்கள். லாரி ஓஸ் 3 அல்லது 4 அங்குலம்தான், தாராளமாகப் போகும். ஜெட் முனையும் போகும். ஆள் போக முடியாது. ஏற்கெனவே இருக்கும் பெரிய மூடிக்குக் கீழே 6 அங்குல இடைவெளியில் துருப்பிடிக்காத கம்பிச் சட்டம் பதித்துவிடுங்கள். பிள்ளைகள் விழாமலும் இருக்கும், "சும்மா இறங்கிப் பாரு" என்று யாரும் சொல்லவும் முடியாது. துளை போடும் வேலை டேங்க் காலியாகி, காற்றாடி, மறுபடி தண்ணீர் நிரப்பிய பிறகுதான். கசடு நிற்கும்போது மேலே டிரில் ஓட்ட வேண்டாம்.

இனி எட்டு வருடம் விடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் கசடு இளகலாகவே இருக்கும், லாரியே போதும். எடுக்க நேரம் வந்ததா என்று பார்க்க: எட்டு அடிக் கம்பில் வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டைச் சுற்றிக் கட்டி, துளை வழியே அடி வரை இறக்கி, ஐந்து நிமிடம் வைத்து மெதுவாகத் தூக்குங்கள். கறுப்பு எது வரை ஒட்டியிருக்கிறதோ அதுதான் கசடு உயரம். உங்கள் டேங்குக்குக் கசடும் மேற்பாடும் (மேலே மிதக்கும் ஏடு) சேர்ந்து 22 அங்குலத்தைத் தாண்டினால், அதாவது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, லாரிக்குச் சொல்லுங்கள். தவக்காலத் தொடக்கத்தில் ஆண்டுக்கொரு முறை அளந்து நிதிக்குழு நோட்டில் எழுதி வையுங்கள். பங்குத்தந்தை மாறுதலாகிப் போனாலும் நோட்டு இருக்கும்.

தேதி: ஜூலை முதல் வாரத்துக்குள் முடியுங்கள், கொடியேற்றத்துக்கு நான்கு வாரம் கிடைக்கும். அடியில் ஓர் அங்குலக் கசடை விட்டுவைக்க வேண்டும், கழுவித் துடைக்க வேண்டாம். நுண்ணுயிர் அதிலிருந்துதான் பெருகும். காலி டேங்கை அப்படியே விடாமல் வெளிவாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள், வெறும் செங்கல் சுவர் ஈரமண் அழுத்தத்தில் உள்ளே சரியும். திருவிழாப் பத்து நாளுக்கு நடமாடும் கழிப்பறை வாடகைக்கு எடுத்து, பள்ளிக் கழிப்பறையைப் பூட்டிவிடுங்கள். அந்தக் கூட்டம் முழுவதையும் 13,000 லிட்டர் டேங்குக்குள் விட்டால், கசடு படிய நேரம் கிடைக்காமல், டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழிக்கு அப்படியே போய்விடும். உறிஞ்சுகுழி ஒருமுறை அடைத்தால் லாரி வந்தும் பயனில்லை, புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.